கைப்பட்டை 9,400, கைப்பேசி 5,100: எந்தக் கணக்கு சரி?

வாசகர் கேள்வி: எனக்கு 61 வயது. பினாங்கு ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். தொழிற்சாலையில் ஸ்டோர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஒன்பது வருடமாக இனிப்புநீருக்கு மாத்திரை சாப்பிடுகிறேன், ஊசி இல்லை. அரசாங்க கிளினிக் டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். நடக்கும் அடிகளை எண்ண, கையில் கட்டும் பட்டை ஒன்றை மகள் வாங்கிக் கொடுத்தாள். அது 9,400 காட்டிய அதே நாள் கைப்பேசி 5,100 என்றது. நண்பர் கொடுத்த பழைய இடுப்புக் கருவி 6,800 காட்டியது. மகள் அம்மாவுக்கும் ஒன்று வாங்கினாள். என் மனைவி சமையலறையை விட்டு வராமலேயே 4,000 எடுத்துவிடுகிறார். நான் பாசாரில் தள்ளுவண்டி தள்ளிக்கொண்டு ஒரு மணி நேரம் சுற்றினாலும் எண் ஏறுவதில்லை. எதை நம்புவது? இணையத்தில் 89 வெள்ளிக்கு, சர்க்கரையும் பார்க்கும் கடிகாரம் விற்கிறார்கள், அதை வாங்கலாமா? 10,000 கட்டாயமா? வலது முட்டி வேறு வலிக்கிறது.

இயன்மருத்துவர் பதில்:

ஐயா, மூன்று கருவியும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொன்றும் வேறு வேறு அசைவை எண்ணுகிறது, அவ்வளவுதான். அதை முதலில் பார்த்துவிடுவோம். எதை வைத்துக்கொள்வது, எவ்வளவு நடப்பது என்பதை அப்புறம் பேசலாம்.

நண்பர் கொடுத்த இடுப்புக் கருவியை மெல்ல ஆட்டிப் பாருங்கள். உள்ளே டிக் டிக் என்று தட்டும் சத்தம் கேட்டால், அது சுருள்வில்லில் தொங்கும் ஒரு சின்னக் கோலை வைத்து எண்ணும் பழைய வகை. நடக்கும்போது இடுப்பு மேலும் கீழும் அசையும். ஒவ்வொரு அசைவுக்கும் கோல் போய் ஒருமுறை தட்டும். தட்டினால் ஓர் அடி. கருவி நேராக நின்றால்தான் இந்த ஏற்பாடு ஒழுங்காக வேலை செய்யும். தொப்பை கொஞ்சம் முன்னே தள்ளியிருந்து பெல்ட் சாய்ந்துவிட்டால் எண்ணிக்கை குறையும். காலைத் தேய்த்து மெதுவாக நடந்தாலும் குறையும். மோட்டாரில் போகும்போது ரோட்டுக் குழியில் தூக்கிப் போட்டால் அதையும் சேர்த்து எண்ணிவிடும். நீங்கள் பாசாருக்கு மோட்டாரில்தான் போகிறீர்கள் என்றால் அந்த 6,800இல் சில அடிகள் மோட்டார் நடந்தவை.

கைப்பேசியிலும் கைப்பட்டையிலும் இருப்பது ஒரு சின்னச் சில்லு. முன்பின், பக்கவாட்டு, மேல்கீழ் என மூன்று திசையிலும் வேகம் எப்படிக் கூடிக் குறைகிறது என்று அது அளக்கிறது. அந்த அலைகளுக்குள் நடைக்கு உரிய தாளம் இருக்கிறதா என்று உள்ளே இருக்கும் மென்பொருள் தேடும். 2013 வாக்கில் இருந்து நல்ல கைப்பேசிகளில் இந்த எண்ணும் வேலைக்கென்றே பேட்டரியை அதிகம் தின்னாத தனி ஏற்பாடு வந்துவிட்டது. அதனால் எண்ணும் திறமையில் உங்கள் கைப்பேசிக்குக் குறை இருக்காது. குறை வேறு இடத்தில். வீட்டுக்குள் நுழைந்ததும் அதை மேசைமேல் வைத்துவிடுகிறோம். மேசை நடக்காது. குளியலறைக்கு, துணி காயப்போட, பக்கத்து வீட்டுக்கு என்று போகும் அடிகள் எதுவும் அதில் ஏறாது. 5,100 என்பது நீங்கள் கைப்பேசியோடு நடந்த அடிகள். அதற்குமேல் அதற்கு ஒன்றும் தெரியாது.

கைப்பட்டையின் சங்கதி நேர் எதிர். நாள் முழுக்க உடம்பிலேயே இருக்கிறது, ஆனால் அது பார்ப்பது உங்கள் காலை அல்ல, கையை. கை தாளமாக அசைந்தால் கால் நடப்பதாக எடுத்துக்கொள்ளும். சப்பாத்தி உருட்டுவது, அடுப்பில் குழம்பு கிண்டுவது, துணி கசக்குவது எல்லாம் அதன் கண்ணுக்கு நடைதான். உங்கள் வீட்டம்மாவின் 4,000 இப்படிப் பாதியாவது வந்திருக்கும். (அவரிடம் இதைச் சொல்லிக் கிண்டல் செய்ய வேண்டாம். சமையலறையில் நின்று வேலை செய்வதும் உட்கார்ந்திருப்பதைவிட நல்லதுதான்.) தள்ளுவண்டி தள்ளும்போது உங்கள் கை கம்பியைப் பிடித்தபடி அப்படியே நிற்கிறது, கால் மட்டும் நடக்கிறது. குடை பிடித்து நடக்கும்போதும், பேரப்பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளும்போதும் இதே கதைதான். இன்னொன்றும் உண்டு. தவறான எண்ணிக்கையைத் தவிர்ப்பதற்காகப் பல கருவிகள் தொடர்ந்து பத்து அடி போல நடந்தால்தான் எண்ணத் தொடங்கும். நாலடி நடந்து நின்று, கத்தரிக்காய் விலை கேட்டு, மறுபடி நாலடி நடக்கும் பாசார் நடை அதற்கு நடையே இல்லை.

சரி, எதை நம்புவது? ஒரு கருவியை, ஒரே இடத்தில் அணிந்து, அதன் எண்ணை அதன் நேற்றைய எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள். கடைத் தராசு எப்போதும் ஐம்பது கிராம் கூடக் காட்டினாலும், போன மாதத்தைவிட எடை இறங்கியதா என்று அதே தராசில் கண்டுபிடித்துவிடலாம். இன்று ஒரு தராசு, நாளை இன்னொன்று என்று ஏறினால்தான் குழப்பம். உங்கள் சிக்கலும் அதுதான். மூன்று கருவியை ஒரே நாளில் கட்டிக்கொண்டு எது உண்மை என்று கேட்கிறீர்கள். இரண்டைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

எந்த இரண்டை? உங்கள் நிலைமையில் கைப்பட்டையை வைத்துக்கொள்ளச் சொல்வேன். காலையில் எழுந்தது முதல் படுக்கும்வரை உடம்பில் இருப்பது அது ஒன்றுதான். மறக்க முடியாது. வலக்கைக்காரர் என்றால் இடக்கையில் கட்டுங்கள், செயலியின் அமைப்புக்குள் போய் இடக்கை என்று தேர்ந்தெடுங்கள். பலர் இதைச் செய்வதே இல்லை. உயரத்தையும் எடையையும் சரியாகக் கொடுங்கள், தூரக் கணக்கு உயரத்தை வைத்துத்தான் வருகிறது. பாசார் நாளில் மட்டும் கைப்பேசியைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஆர்வம் இருந்தால் அந்த எண்ணைத் தனியாகக் குறித்துக்கொள்ளலாம். இரண்டையும் கூட்ட வேண்டாம்.

வைத்துக்கொள்ளும் முன் ஒரு சோதனை. உங்கள் புளோக்கின் நடைவழியில், வழக்கமான வேகத்தில், மனசுக்குள் எண்ணிக்கொண்டே 100 அடி நடங்கள். தொடங்கும்முன் எண்ணைப் பாருங்கள், முடிந்து நின்றதும் சில விநாடி பொறுத்து மறுபடி பாருங்கள். சில பட்டைகள் தாமதமாகத்தான் எண்ணை ஏற்றும். ஜப்பானின் தொழில் தரக் கட்டுப்பாடு அடி எண்ணும் கருவிகளுக்கு 100க்கு 3 வரைதான் பிழையை அனுமதிக்கிறது. நம் வீட்டு உபயோகத்துக்கு 95க்கும் 105க்கும் நடுவில் வந்தால் போதும் என்பேன். இரண்டு மூன்று முறை செய்து பாருங்கள். ஒருமுறை 98, ஒருமுறை 71 என்று தாவினால் பட்டையைக் கொஞ்சம் இறுக்கிக் கட்டி மறுபடி பாருங்கள். அதற்கும் சரிவரவில்லை என்றால்தான் வேறு வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.

வேறு வாங்கத்தான் வேண்டும் என்றால் 150 வெள்ளி சுற்றுவட்டாரத்தில் கிடைக்கும் சாதாரணப் பட்டை போதும். அடி எண்ணுவதற்காக ஆயிரம் வெள்ளிக் கடிகாரம் வாங்குவது வீண். கடையில் மூன்று விஷயம் பாருங்கள். கண்ணாடி போடாமலேயே எண் தெரிகிறதா? வெயிலில் திரை தெரிகிறதா? ஒருமுறை சார்ஜ் போட்டால் ஒரு வாரமாவது ஓடுகிறதா? நம் ஊர் வேர்வைக்கும் திடீர் மழைக்கும் தண்ணீர் தாங்கும் வகைதான் சரி. வேர்த்துப்போன பட்டையை நாள் கணக்கில் கழற்றாமல் வைத்திருந்தால் தோலில் அரிப்பும் சிவப்பும் வரும். உங்களுக்கு இனிப்புநீர் இருப்பதால் தோல் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. குளிக்கும்போது கழற்றி, பட்டையையும் கையையும் கழுவி, ஈரம் உலர்ந்த பிறகு கட்டுங்கள்.

அந்த 89 வெள்ளிக் கடிகாரத்தை வாங்காதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். தோலைக் குத்தாமல் கடிகாரமோ மோதிரமோ தானாகவே இரத்தச் சர்க்கரையை அளக்கும் என்று விற்கப்படும் எதற்கும் தாங்கள் அங்கீகாரம் தரவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரிக்கை வெளியிட்டது. கையில் ஒட்டும் சென்சார் வேறு. அதில் தோலுக்குள் போகும் மெல்லிய இழை உண்டு, அது முறையான மருத்துவக் கருவி. பச்சை விளக்கு மின்னும் மலிவுக் கடிகாரம் 6.2 என்று காட்டும் எண்ணை நம்பி மாத்திரையைக் குறைத்தாலும் ஆபத்து, கூட்டினாலும் ஆபத்து. சர்க்கரைக்கு விரல் குத்தும் கருவிதான் உங்களுக்கு.

இதே வரிசையில் பட்டை காட்டும் கலோரி எண்ணையும் தள்ளிவைத்துவிடுங்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஏழு கைக்கருவிகளைச் சோதித்து 2017இல் முடிவை வெளியிட்டார்கள். ஆறு கருவிகள் இதயத் துடிப்பை ஓரளவு சரியாகச் சொல்லின. கலோரியில் மட்டும் ஒன்றும் தேறவில்லை. இருந்ததில் நல்லதே சராசரியாக 27 விழுக்காடு தவறியது, மோசமானது 93 விழுக்காடு. '300 கலோரி எரித்துவிட்டேன்' என்று பட்டையைப் பார்த்துவிட்டு மாமாக் கடையில் தே தாரிக்கும் ரொட்டி சானாயும் சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தக் கணக்கில் எப்போதும் ரொட்டி சானாய்தான் ஜெயிக்கும்.

இப்போது 10,000. இந்த எண் எந்த மருத்துவமனையிலும் பிறக்கவில்லை. 1964இல் தோக்கியோ ஒலிம்பிக் முடிந்து, ஜப்பானில் உடற்பயிற்சி மோகம் பரவிய நேரம். 1965இல் அங்கே ஒரு கடிகார நிறுவனம் இடுப்பில் மாட்டும் கருவியை 'பத்தாயிரம் அடி மீட்டர்' என்ற பெயரில் விற்றது. விளம்பரத்துக்கு எடுப்பான எண். அது அப்படியே உலகம் முழுக்கப் பரவிவிட்டது. நம் சுகாதார அமைச்சும் இதே எண்ணை வைத்துப் பிரசாரம் செய்திருக்கிறது. கெட்ட எண் இல்லை, ஆனால் எல்லாருக்கும் கட்டாயமும் இல்லை.

உங்கள் வயதுக்கு நெருக்கமான ஆராய்ச்சிகள் வேறு மாதிரி சொல்கின்றன. அமெரிக்காவில் சராசரி 72 வயதுள்ள 16,741 பெண்களைப் பின்தொடர்ந்து 2019இல் வெளியான ஆய்வில், நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு 41 விழுக்காடு குறைவாக இருந்தது. 7,500 போலப் போன பிறகு அதற்குமேல் நடந்ததால் கூடுதல் பலன் தெரியவில்லை. பல நாடுகளின் 15 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2022ஆம் ஆண்டுக் கணக்கிலும், 60 வயதைத் தாண்டியவர்களுக்கு 6,000 முதல் 8,000 வரையில் பலன் அதற்குமேல் கூடாமல் நின்றுவிடுகிறது. எல்லாம் நடையின் புண்ணியம் என்றும் சொல்லிவிட முடியாது. உடம்பு முடியாதவர் இயல்பாகவே குறைவாகத்தான் நடப்பார். இருந்தாலும் அடிமட்டத்தில் இருப்பவர் கொஞ்சம் ஏறினாலே பெரிய வித்தியாசம் தெரிகிறது என்பது திரும்பத் திரும்ப வருகிறது.

ஆகவே முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள். வழக்கம்போல இருங்கள், படுக்கும்முன் எண்ணை நாள்காட்டியில் எழுதுங்கள். எண் குறைவாக இருக்கிறதே என்று வெட்கப்பட்டு இரவு பத்து மணிக்கு ஹாலுக்குள் சுற்றி நடக்க வேண்டாம். அப்படிச் செய்தால் அந்த வாரமே வீண். ஏழு நாள் எண்ணையும் கூட்டி ஏழால் வகுத்தால் வருவது உங்கள் தொடக்கம். அந்த 9,400 ஒரு நாள் எண்தான், வாரச் சராசரி குறைவாக இருக்கலாம். உதாரணத்துக்கு 5,500 வந்தது என்று வையுங்கள். அடுத்த இரண்டு வாரம் 6,000. முட்டி ஒத்துழைத்தால் அதற்கடுத்த இரண்டு வாரம் 6,500. இப்படி 7,500 வரை போனால் போதும். ஒரு நாள் மழை, ஒரு நாள் கல்யாண வீடு என்று எண் ஏறி இறங்கத்தான் செய்யும். வாரச் சராசரியைப் பாருங்கள், ஒரு நாள் எண்ணைப் பார்த்து மனம் சோராதீர்கள். உங்கள் பட்டை கையசைவையும் சேர்த்து எண்ணுவது தெரிந்ததே. தொடக்க எண்ணிலும் அந்தக் கலப்படம் இருக்கிறது, இலக்கிலும் இருக்கப்போகிறது. நாம் பார்ப்பது ஏற்றத்தை மட்டும்தான்.

எண்ணை எழுதி, இலக்கு வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அடி எண்ணும் கருவி அணிந்தவர்களைப் பற்றிய 26 ஆய்வுகளை 2007இல் தொகுத்துப் பார்த்தபோது, கருவி அணிந்தவர்கள் நாளுக்குச் சுமார் 2,500 அடி கூடுதலாக நடந்தது தெரிந்தது. அதில் முன்னேறியவர்கள் தங்களுக்கென்று ஓர் இலக்கை வைத்துக்கொண்டவர்கள். சும்மா கட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு அது கையில் ஒரு நகைதான்.

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பட்டை வேகநடையையும் சாவகாச நடையையும் ஒன்றாகவே எண்ணும், உங்கள் இதயம் அப்படி எண்ணாது. நிமிடத்துக்கு 100 அடி என்பது பெரியவர்களுக்கு ஓரளவு சுறுசுறுப்பான நடை. பேச முடியும், பாட முடியாது என்ற அளவு. பத்து நிமிடம் அப்படி நடந்தால் 1,000 அடி வந்துவிடும். உலகச் சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிடம் முதல் 300 நிமிடம் வரை இப்படி நடக்கச் சொல்கிறது.

இந்தப் பத்து நிமிடத்தை எங்கே வைப்பது என்பதில்தான் இனிப்புநீர்க்காரருக்கு லாபம் இருக்கிறது. நியூசிலாந்தில் நடந்து 2016இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே நேரத்தில் அரைமணி நடந்தவர்களைவிட ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் பத்து நிமிடம் நடந்தவர்களுக்குச் சாப்பிட்ட பின் ஏறும் சர்க்கரை 12 விழுக்காடு குறைந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் 22 விழுக்காடு. நாம் இரவில்தான் அதிகம் சாப்பிடுகிறோம், சாப்பிட்டதும் நாடகம் பார்க்க உட்கார்ந்துவிடுகிறோம். இரவுச் சோற்றுக்குப் பிறகு வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு கார் நிறுத்துமிடத்தை நாலைந்து சுற்று சுற்றி வாருங்கள். அவருடைய 4,000த்துக்கும் கொஞ்சம் உண்மை சேரும்.

காலை நடைக்கு அவசரப்பட்டு ஆறு மணிக்கே கிளம்ப வேண்டாம். பினாங்கில் சூரியன் ஏழு மணிக்கு மேல்தான் எட்டிப் பார்க்கும். இருட்டில் நடைபாதை ஓட்டையும் வடிகால் மூடியும் தெரியாது. ஏழேகாலுக்குத் தொடங்கி எட்டரைக்குள் முடித்துவிட்டால் வெயிலிலும் மாட்ட மாட்டீர்கள். தாவரவியல் பூங்கா, இளைஞர் பூங்கா, கடற்கரைப் பக்கம் படாங் கோத்தா என்று இடத்துக்கா பஞ்சம்? பூங்காவில் குரங்குகள் உண்டு, கையில் பிளாஸ்டிக் பை எடுத்துப் போகாதீர்கள். மழைக்காலத்திலும் புகைமூட்டம் வரும் நாட்களிலும் பேரங்காடிக்குள் ஒரு சுற்று போகலாம், பணப்பையை வீட்டில் வைத்துவிட்டு.

கடைசியாக முட்டி. தண்ணீர்மலை முருகனைப் பார்க்க 513 படி ஏறுவதைப் பட்டை வெறும் 513 அடியாகத்தான் எண்ணும், உங்கள் முட்டிக்கோ கணக்கே வேறு. ஏறுவதைவிட இறங்குவதுதான் அதற்குச் சுமை. வலி இருக்கும்வரை படிகளை எண்ணிக்கைக்காக ஏறாதீர்கள். சமதரையே போதும். நடக்கும்போது லேசாக வலித்து, வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரத்தில் அடங்கினால் தொடரலாம். மறுநாள் காலையிலும் வலி கூடியே இருந்தால் முந்தைய வார அளவுக்கு இறங்குங்கள். முட்டி வீங்கினாலோ, மடக்கும்போது மாட்டிக்கொண்டாலோ, நடக்கையில் திடீரென்று காலை வாரினாலோ நடையை நிறுத்திவிட்டு நேரில் காட்டுங்கள். சிலிப்பரோடு நடக்க வேண்டாம். காலுறையும் பின்பக்கம் மூடிய காலணியும் போடுங்கள். வீடு திரும்பியதும் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பாருங்கள், குனிய முடியாவிட்டால் கண்ணாடியைக் கீழே வைத்துப் பாருங்கள். ஒன்பது வருட இனிப்புநீரில் கால் மரத்துப் போயிருந்தால் கொப்புளம் வந்ததே தெரியாது.

நீங்கள் சாப்பிடும் மாத்திரையின் பெயரை எழுதவில்லை. மெட்ஃபோர்மின் மட்டும் என்றால் நடையால் சர்க்கரை மிகவும் இறங்கிவிடும் பயம் பெரிதாக இல்லை. கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் வகை இருந்தால் நடை கூடக் கூடச் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். கை நடுங்கி, குளிர்ந்து வேர்த்தால் உடனே உட்கார்ந்து வாயில் போட்டுக்கொள்ளச் சட்டைப் பையில் நாலு மிட்டாய் இருக்கட்டும். அடுத்த முறை கிளினிக் போகும்போது நாள்காட்டியில் எழுதிய வாரச் சராசரிகளையும், வீட்டில் குத்திப் பார்த்த சர்க்கரை எண்களையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிக் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரை அளவை மாற்றுவதா என்பதை அவர் அதைப் பார்த்து முடிவு செய்வார்.